பட்டை மறைந்தால் போதுமா? (வாசகர் கடிதம்)

வணக்கம் ஐயா,

சேலம் அஸ்தம்பட்டியில் பிளஸ் டூ வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஏற்காட்டில் அழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்றேன். "அப்படியானால் வெப்பநிலையைத் தொடாமலே நிலையை மாற்றலாமா? மிகமிகக் குளிர்ந்த எல்லையான தனிச்சுழிக்குப் பக்கத்தில்கூடவா?" என்று கேட்டாள் ஒரு மாணவி. குவாண்டம் நிலைமாற்றம் (வெப்ப அசைவு இல்லாமலே பொருளின் நிலை மாறுவது) பற்றிப் படித்துச் சொன்னேன். ஆனால் எனக்கே ஒன்று இடிக்கிறது. குளிர்ந்த அணுக்களை வைத்துச் செய்த சோதனையில் குறுக்கீட்டுப் பட்டை (அணு அலைகள் கலந்து உண்டாக்கும் வரிகள்) மறைந்ததால் நிலை மாறியது என்கிறார்கள். அணுக்கள் சூடானாலும் அது மறையுமே?

அன்புள்ள டீச்சர்,

மறையும். பட்டை மறைந்ததை மட்டும் வைத்து நிலைமாற்றம் என்று சொல்லவே முடியாது. நீங்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

முதலில் மாணவிக்கு. ஏற்காட்டிலும் நீரைக் கொதிக்க வைப்பது வெப்ப அசைவுதான்; அழுத்தம் அதற்கான அளவை மாற்றுகிறது, அவ்வளவே. கண்டன்சேட்டில் (தனிச்சுழிக்கு அருகே குளிர்ந்து ஒரே அலைபோல் நடக்கும் அணுக்கூட்டத்தில்) மோதிக்கொள்பவை இரண்டு ஆற்றல்கள். லேசர் நிலை அலைகள் உண்டாக்கிய குழிகளில் அணு பக்கத்துக் குழிக்குத் தாவும் ஆற்றல் ஒன்று. ஒரே குழியில் இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும் ஆற்றல் மற்றொன்று. முப்பரிமாணத்தில், குழிக்கு ஓர் அணு என்றால், தள்ளல் தாவலைப்போல் சுமார் 29 மடங்கைத் தாண்டும்போது மிகைபாய்மம் (அணுக்கள் குழிகளெங்கும் பரவிய நிலை) மாட் காப்புநிலையாகிறது (அணுக்கள் தத்தம் குழியிலேயே அடங்கிய நிலை). லேசர் செறிவைக் கூட்டினால் குழி ஆழமாகும், தாவல் சுருங்கும். திருக வேண்டிய குமிழ் அது ஒன்றுதான்.

இனி உங்கள் கேள்வி. 2002-இல் மியூனிக்கில் கிரைனர், ப்ளோக் குழுவினர் சுமார் 2 லட்சம் ரூபிடியம்-87 அணுக்களை எடுத்துக்கொண்டார்கள். லேசர் 852 நானோமீட்டர்; ஆகவே குழிகளுக்கிடையே அதில் பாதி, 426. ஆழத்தை 80 மில்லிநொடியில் படிப்படியாக ஏற்றினார்கள். சட்டென்று ஏற்றினால் அணுக்கள் மேல் ஆற்றல் மட்டங்களுக்குத் தாவிவிடும். லேசர் செறிவு நடுங்கினாலும் குழிக்குள் இருப்பவை சூடாகும். ஃபோட்டானால் அணு பெறும் பின்னுதைப்பு ஆற்றலை அலகாகக் கொண்டால் (வெப்பநிலையில் சுமார் 150 நானோகெல்வின்) ஆழம் 22-ஐ எட்டியபோது பட்டை அறவே இல்லை.

அங்கேயே நிறுத்தாமல் ஆழத்தை மறுபடி 9-க்கு இறக்கினார்கள். ஏறத்தாழ 4 மில்லிநொடியில் பட்டை கூர்மையாகத் திரும்பியது. காந்தப்புலச் சரிவால் கட்டங்களை (அணு அலைகளின் ஏற்ற இறக்கம் ஒத்துப்போவதை) வேண்டுமென்றே கலைத்துவிட்ட அணுக்களையும் அதேபோல் இறக்கிப் பார்த்தார்கள். 400 மில்லிநொடி காத்தும் வரவில்லை. சூட்டில் தொலைந்த ஒழுங்கு இப்படி உடனே திரும்பாது. மாட் நிலையிலோ ஒழுங்கு தொலையவில்லை; அது கட்டத்தை விட்டு, குழிக்கு இத்தனை அணு என்ற எண்ணிக்கைக்கு இடம் மாறியிருந்தது. என் பார்வையில் அந்தச் சோதனையின் உயிரே இந்த ஒப்பீடுதான். பாடத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

மாணவிக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். அணுக்களைப் பிடித்து வைக்கும் பொறியின் நடுவே அவை நெருக்கம், விளிம்பில் குறைவு. எல்லா இடமும் ஒரே நொடியில் மாறாது, அடுக்கடுக்காக மாறும். அதனால்தான் ஆழம் 13-ஐ ஒட்டி மங்கத் தொடங்கும் பட்டை 22 வரை கொஞ்சம் கொஞ்சமாக அணைகிறது.