எபாக்சி மேல் அடித்த வார்னிஷ் காயவில்லை (கொடைக்கானல், மரப்படகு)

மரப்படகில் எபாக்சி (இரண்டு திரவம் கலந்து பூசி இறுக விடும் பிசின்) மேல் அடித்த வார்னிஷ் காயவில்லை, இன்னொரு கோட் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்காதீர்கள். நாலு நாளாகியும் பிசுபிசுப்பது பெரும்பாலும் வார்னிஷின் குற்றமில்லை, அடியில் இருக்கும் எபாக்சியின் வேலை. கொடைக்கானல் குளிரிலும் மூடுபனியிலும் எபாக்சி இறுகும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். அதன் மேல் வார்னிஷ் சரியாகக் காயாது.

ஓர் ஓரத்தில் வார்னிஷைச் சுரண்டிவிட்டு எபாக்சியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழாவிட்டால் தப்பித்தீர்கள். வார்னிஷ் முழுவதையும் எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் கழுவித் துடையுங்கள், அப்புறம்தான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் மெழுகு இன்னும் அப்பிக்கொள்ளும்.

தடம் விழுந்தால், கதகதப்பான அறையில் சில நாள் வைத்துப் பாருங்கள். அப்போதும் இளகலாகவே இருந்தால் எபாக்சியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனர் அளவு பிசகியிருக்கும். சுரண்டி எடுப்பதுதான் வழி.

வார்னிஷே வேண்டாம், எபாக்சி போதுமா என்றால், போதாது. மலை வெயிலில் மஞ்சளாகி வெடிக்கும். புற ஊதா தடுப்புள்ள மரைன் வார்னிஷ் (படகுக்கான வார்னிஷ்) வாங்கி, பனி விலகியபின் மெல்லிசாக அடியுங்கள்.