சந்தன நிறப் பட்டுக்கு எந்த நெட் எடுப்பது? தாலி கட்டும் நேரத்தை நினைத்து எடுங்கள்

கேள்வி: தங்கைக்கு மதுரையில் சர்ச் கல்யாணம். சந்தன நிறப் பட்டுப்புடவை எடுத்துவிட்டோம். தலையில் என்ன மாதிரி நெட் போடலாம், எவ்வளவு நீளம் வைக்கலாம்?

என் இரண்டு தங்கைகளுக்கும் சித்தி மகளுக்கும் கல்யாண நெட்டுக்காக அலைந்தவள் நான். சிலர் இப்போது ‘வெய்ல்’ என்கிறார்கள். மதுரையில் இருக்கிற வெயில் போதாதா என்று நாங்கள் இன்னும் நெட் என்றுதான் சொல்கிறோம்.

முதல் தங்கைக்குப் போனில் ஒரு படத்தைப் பார்த்து, தரையில் புரள்கிற மாதிரி பத்தடி நீளத்தில் எடுத்தோம். அந்தப் படத்தில் இருந்தவள் கவுன் போட்டிருந்தாள், இவளுக்கோ பட்டுப்புடவை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. சர்ச் நடுவழியில் நார் விரிப்பு. நாலு எட்டுக்கு ஒருமுறை நெட் அதில் மாட்டியது. அது கூடப் பரவாயில்லை. தாலி கட்டும்போது நாத்தனார் பின்னால் நெட்டைத் தூக்கிப் பிடிக்க, அவருடைய கல் வளையலில் அது சிக்கிக்கொண்டது. இழுத்தால் கிழியும், விட்டால் முடிச்சுப் போட வழியில்லை. ஆயர் புத்தகத்தைக் கையில் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். வீடியோவில் அந்த நேரத்துக்கு இருப்பது நாத்தனாரின் முழங்கையும், வாயில் நாலு ஹேர்பின்னைக் கவ்விக்கொண்டு நிற்கும் என் அம்மாவும்தான்.

அதனால் நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள். புடவைக்குக் கைவிரல் நுனி வரை வந்தால் போதும். தங்கையை நிற்கவைத்து, கொண்டைக்கு மேல் சீப்பு குத்தும் இடத்திலிருந்து விரல் நுனி வரை இஞ்ச் டேப் வைத்து அளங்கள். சுமாரான உயரமுள்ள பெண்ணுக்கு 36 முதல் 40 இஞ்ச் வரும். ஒரே அடுக்காகப் போடுங்கள். இரண்டு மூன்று அடுக்கு வைத்தால், அவ்வளவு பணம் கொடுத்து எடுத்த முந்தானை வேலைப்பாடு எல்லாம் மூடிப்போகும். முகத்தை மூடும் அடுக்கு வேண்டுமென்றால் அதைத் தனிச் சீப்பில் தைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அதை மட்டும் எடுத்துவிடலாம்.

துணியில் ‘சாஃப்ட் நெட்’ என்று கேட்டு வாங்குங்கள். பாவாடைக்கு உள்ளே கொடுக்கிற கேன்கேன் நெட்டைத் தலையில் போட்டால் கொசுவலை மாதிரி விறைத்து நிற்கும். கடையிலேயே ஒரு பிடியைக் கையில் கசக்கி விட்டுப் பாருங்கள், தானாக வழிந்து விழ வேண்டும். பிறகு அங்கே ஓடுகிற ஃபேனுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். சர்ச்சில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது, நம் ஊரில் அது பாவம். பறக்கிற நெட்டாக இருந்தால் ஓரத்தில் மெல்லிய ஜரிகை லேஸ் கொடுங்கள், அந்தக் கனத்தில் அடங்கும்.

நிறம் விஷயத்தில் யாராவது ஒரு பெரியம்மா ‘பளிச்சென்று வெள்ளைதான் போடணும்’ என்பார். ஆதியாகமத்தில் ரெபெக்காள் ஈசாக்கைக் கண்டதும் முக்காடிட்டாள் என்றுதான் இருக்கிறது, என்ன நிறம் என்று இல்லை. வெள்ளைக் கல்யாண உடை பெரிய வழக்கமானதே 1840-இல் விக்டோரியா ராணி வெள்ளை உடுத்திக் கல்யாணம் செய்ததற்கு அப்புறம்தான். சந்தனப் பட்டுக்கு மேல் பளீர் வெள்ளை வைத்தால் புடவை அழுக்காகத் தெரியும். ஜாக்கெட் துணியைக் கையோடு கொண்டுபோய், விளக்குத்தூண் பக்கம் எந்தக் கடையில் எடுத்தாலும் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, ஐவரி அல்லது கிரீம் எடுங்கள். கடை டியூப்லைட்டை நம்பவே வேண்டாம்.

அப்புறம் பூ. மதுரையில் கல்யாணம், மல்லிகை இல்லாமல் முடியாது. ஆனால் சரம் வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்துத்தான் வரும். அந்த ஈரத்தின் மேலேயே நெட்டை வைத்தால் துவண்டு ஒட்டிக்கொள்ளும். பூவை நன்றாக உதறி, கொண்டையைச் சுற்றி வைத்துவிட்டு, சீப்பை அதற்கு மேலே முடியில் குத்தச் சொல்லுங்கள். பூவில் குத்தினால் பாரம் தாங்காமல் பாதிப் பூசையில் சரியும். சித்தி மகளுக்கு அப்படித்தான் ஆனது. அவளுடையது கத்தோலிக்கத் திருமணம், திருப்பலி முழுக்க ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுருக்கம் எடுக்க இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள், நைலான் உருகி ஓட்டை விழும். வெந்நீர் வைத்த குளியலறையில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் போதும்.

முந்தின நாள் நாத்தனாரை வரச்சொல்லி, நெட்டைத் தூக்குவது, முடிச்சுப் போடுவது எல்லாம் ஒரு நூல் கயிற்றை வைத்து ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டாவது தங்கைக்கு அப்படித்தான் செய்தோம். அந்த நாத்தனார் மறுநாள் மண்டபத்தில் கேட்காமலே கல் வளையலைக் கழற்றி என் கைப்பையில் போட்டுவிட்டு சர்ச்சுக்குக் கிளம்பினார்.