பாட்டும் தூண்டிலும்: குடும்பத்தோடு ஃப்ளை ஃபிஷிங் செல்வோருக்கு

கேள்வி: விடுமுறையில் நான்கு நாள் ஆற்றங்கரை முகாமில் தங்கிக் குடும்பமாக ஃப்ளை ஃபிஷிங் (பூச்சிபோலக் கட்டிய செயற்கை ஈயை வீசி மீன் பிடிப்பது) செய்யத் திட்டமிட்டிருக்கிறோம். என் கணவருக்கு ஓரளவு பழக்கம் உண்டு. எனக்கும், 12 வயது மகனுக்கும், 8 வயது மகளுக்கும் இதுவே முதல் முறை. பிள்ளைகள் பாட்டில்லாமல் இருக்க மாட்டார்கள். புளூடூத் ஸ்பீக்கரை ஆற்றுக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். சத்தம் கேட்டால் மீன் ஓடிவிடும் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? பிள்ளைகளுக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுப்பது எப்படி? கடைசி நாளில் ராஃப்டிங்கும் இருக்கிறது. அன்றாவது பாட்டு வைக்கலாமா?

பதில்: ஸ்பீக்கரை எடுத்துச் செல்லுங்கள், ஆனால் அதைக் கூடாரத்தில் வையுங்கள், ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். உங்கள் கணவரின் முடிவை நான் ஏற்கிறேன், அவர் சொல்லும் காரணத்தை ஏற்கவில்லை. கரையில் ஒலிக்கும் பாட்டு மீனை விரட்டுவது அரிது. அது கெடுப்பது நீரில் நிற்கும் உங்கள் நால்வரின் கவனத்தைத்தான். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மீன் ஓடிவிடும் என்று மட்டும் சொல்லித் தடுத்தால், பக்கத்தில் யாரோ பாட்டுப் போட்டுக்கொண்டே மீன் பிடிப்பதைப் பார்த்த கணமே உங்கள் பேச்சு எடுபடாமல் போய்விடும்.

காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பின் மேல் நேர் செங்குத்தாக விழுந்தாலும் அதன் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும். செங்குத்திலிருந்து சுமார் 13 பாகைக்கு மேல் சாய்ந்து வந்தால் அநேகமாக முழுவதுமே மேலே திரும்பிவிடும்; கரையில் வைத்த ஸ்பீக்கரின் ஒலி ஆற்றைச் சாய்வாகத்தான் தொடுகிறது. தவிரவும், ஃப்ளை ஃபிஷிங்கில் பெரிதும் தேடப்படும் ட்ரவுட், சால்மன் போன்ற மீன்களின் கேள்திறன் தாழ்ந்த ஒலிகளோடு நின்றுவிடுகிறது. சுமார் 400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை அவற்றுக்கு அநேகமாக எட்டுவதில்லை. கெண்டை இனத்தின் கதை வேறு. அவற்றின் காற்றுப்பையையும் உட்காதையும் சின்னஞ்சிறு எலும்புகள் இணைப்பதால் அவை மிக உயர்ந்த ஒலிகளையும் கேட்கின்றன. புளூஸ் இசையையும் மேற்கத்தியச் செவ்வியல் இசையையும் கெண்டைகளால் பயிற்சியின் மூலம் பிரித்தறிய முடிந்ததை 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் மகன் விரும்பிக் கேட்கும் செய்தியாக இது இருக்கும்.

மீனை உண்மையில் கலவரப்படுத்துபவை வேறு. கரையில் தடதடவென்று ஓடுவது, நீருக்குள் கற்களை உருட்டுவது, படகின் தரையில் எதையாவது தொப்பென்று போடுவது ஆகியவை காற்றின் வழியாக அன்றி மண், பாறை, மரம் வழியாக நேரே நீரைச் சேர்கின்றன. மீனின் உடலில் இருபுறமும் ஓடும் பக்கவாட்டு உணர்வுக்கோடு இத்தகைய மெல்லிய அதிர்வுகளை உடனே கண்டுகொள்ளும். ஸ்பீக்கரைப் படகின் பலகையிலோ நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாறையிலோ வைத்தால் அதன் அடித்தாளமும் இப்படியே உள்ளே இறங்கும். அந்த அளவில் உங்கள் கணவரின் அச்சம் சரியானதே. எல்லாவற்றையும்விட மீன் அஞ்சுவது அசையும் உருவத்துக்கும் நிழலுக்கும். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரிகிறது. அதன் விளிம்பில், அதாவது நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாக இருப்பவை, மிக நசுங்கி மங்கலாகத்தான் தெரியும். ஆகவே பாடிக்கொண்டே குனிந்து நடக்கும் சிறுமியைவிட, வாய் திறக்காமல் நிமிர்ந்து நின்று கையை ஆட்டும் பெரியவரே மீனை அதிகம் கலைக்கிறார்.

இப்போது ஸ்பீக்கரை நான் வேண்டாம் என்பதற்கான காரணத்துக்கு வருகிறேன். ஆற்றில் நிற்பவருக்குக் கண்ணுக்கு அடுத்தபடி காதுதான் துணை. மேலே எங்கோ பெய்த மழையாலோ அணையில் திறந்துவிட்ட நீராலோ ஆறு பெருகும்போது, நீர் கலங்குவதும் குப்பையும் சருகும் மிதந்து வருவதும் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள்; இரைச்சல் கனத்துக்கொண்டே போவது காதுக்குத் தெரியும் அடையாளம். தூரத்து இடியும் அப்படித்தான். இடி கேட்டுவிட்டால் உடனே தூண்டிலைக் கீழே வைத்துக் கரையேற வேண்டும். கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் கழியும்வரை திரும்ப இறங்கக் கூடாது. இன்றைய தூண்டில் கோல்களில் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் இழையால் ஆனவை என்பதால் இதில் சமாதானத்துக்கே இடமில்லை. இவற்றோடு, வளைவுக்கு அப்பால் நிற்கும் மகள் கூப்பிட்டால் கேட்க வேண்டும். இந்தக் காரணத்தால் இயர்ஃபோன் ஸ்பீக்கரைவிட மோசமானது. பிறருக்குத் தொந்தரவில்லை என்று மகன் வாதாடலாம், ஆனால் நீரில் கால் வைத்தவர் காதில் எதுவும் இருக்கக் கூடாது என்பதை வீட்டிலேயே பேசி முடிவாக்கிவிடுங்கள்.

மீன் பிடிப்பதற்கே காது உதவுகிறது என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். மிதக்கும் பூச்சியை மீன் மேலெழுந்து உறிஞ்சும்போது எழும் சிறு ஒலியைப் பழகிய காது தனியாகப் பிரித்தெடுத்துவிடும். பெரிய மீன் பல வேளைகளில் துள்ளாமல் மூக்கை மட்டும் நீட்டி மெல்ல உறிஞ்சும். சிறிய மீன்தான் சளப்பென்று பாயும். மாலை வெளிச்சம் குறைந்து ஈ கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் இந்த ஒலியை நம்பியே வீசுவோர் உண்டு.

அப்படியானால் ஆற்றில் இசைக்கு வேலையே இல்லையா என்றால், மிக முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. அது வீசக் கற்கும்போது வருகிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் அல்லது இரையின் எடை மெல்லிய நரம்பை இழுத்துச் செல்கிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டிய செயற்கை ஈக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். தடித்த கயிறு போன்ற ஃப்ளை லைனின் எடைதான் ஈயைச் சுமந்து செல்கிறது. 5-ஆம் எண் லைனின் (எண் கூடினால் எடையும் கூடும்) முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம். அந்த 9 கிராமும் பின்னால் முழுவதும் விரிந்து நீண்டபின் கோலை முன்னே கொண்டுவந்தால்தான் கோல் வளைந்து, லைன் சீராகப் பறக்கும். அவசரப்பட்டு முன்னே இழுத்தால் சாட்டையைச் சொடுக்கியது போன்ற ஒலி கேட்கும்; பல நேரங்களில் ஈ அறுந்தே போய்விடும். அதிகம் தாமதித்தால் லைன் பின்னாலுள்ள புல்லில் விழுந்து சிக்கிக்கொள்ளும். புதிதாகக் கற்கும் பிள்ளைகளிடம் நான் காணும் குறைகளில் பெரும்பங்கு வலிமை பற்றியதன்று. இந்த இடைவெளி பற்றியதே. இடைவெளியைச் சொல்லிப் புரியவைப்பதைவிடப் பாடிப் புரியவைப்பது எளிது.

முகாமுக்குப் போகும் முன்பே, திறந்த புல்வெளி ஒன்றில், முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டு வண்ணக் கம்பளி நூலைக் கட்டிப் பழக்குங்கள். ஆறு ஏழு மீட்டர் லைனுக்கு மேல் வெளியே விட வேண்டாம். கோல் பின்னே போகும்போது ஓர் எழுத்து, நிற்கும்போது ஓர் எழுத்து, முன்னே வரும்போது ஓர் எழுத்து, மறுபடி நிற்கும்போது ஓர் எழுத்து என்று நான்கு எண்ணிக்கையாக வாய்விட்டுச் சொல்ல வைத்து, பிறகு அதையே அவர்களுக்குப் பிடித்த மெட்டு ஒன்றில் முணுமுணுக்கச் சொல்லுங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு இதற்கு உதவாததற்கும் அதுவே காரணம். லைன் நீள நீள அது விரியப் பிடிக்கும் நேரமும் கூடுகிறது. பதிவு செய்த பாட்டின் வேகம் மாறாது. அதோடு ஒட்டி வீசும் பிள்ளை ஆறு மீட்டரில் சரியாகவும் பத்து மீட்டரில் அவசரமாகவும் வீசும். தானே முணுமுணுக்கும் பிள்ளையோ, தலையைத் திருப்பி லைன் விரிவதைப் பார்த்துக்கொண்டே அந்த இரண்டாம் எழுத்தை இழுத்து நீட்டிக்கொள்ளும். கை தானாகவே லைனுக்குக் காத்திருக்கப் பழகிவிடும்.

மணிக்கட்டைக் கவனியுங்கள். களைத்த பிள்ளையின் மணிக்கட்டு பின்வீச்சில் மடிந்து, கோலின் நுனி தரையை நோக்கிச் சாயத் தொடங்கும். லைன் புல்லை உரசும். அது நிறுத்த வேண்டிய நேரம் என்பதற்கான அடையாளமே தவிர, திருத்த வேண்டிய பிழை அன்று. 20 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பழக்காதீர்கள்.

மகனுக்கு 8 அடி அளவுள்ள, 4 அல்லது 5 எண் லைனுக்கான கோல் பொருந்தும். மகளுக்கு நான் பரிந்துரைப்பது ஜப்பானியர் பயன்படுத்தும் டெங்காரா கோல். அதில் லைனைச் சுற்றிவைக்கும் ரீல் கிடையாது. நீண்ட மெல்லிய கோலின் நுனியில் ஏறத்தாழ அதே நீளமுள்ள லைனைக் கட்டிவிடுவார்கள். நீளத்தைக் கையாளும் சிக்கல் இல்லாததால் முதல் நாளிலேயே அவளால் ஈயை வேண்டிய இடத்தில் வைக்க முடியும். அண்ணனைவிட முதலில் அவளுக்கு மீன் கிடைக்கவும் கூடும். அதற்கு மகனை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள். பின்னால் மரம் அடர்ந்த இடங்களில், லைனைப் பின்னே பறக்கவிடாமல் நீர்ப்பரப்பிலேயே வைத்து உருட்டிவிடும் ரோல் காஸ்ட் இருவருக்கும் கைகொடுக்கும்.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது என்பது எளிய விஷயம்தான். பிள்ளைகள் தூண்டிலோடு நிற்பது காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் போதும். நடுவில் ஓடையோரக் கற்களைப் புரட்டிப் பார்க்கட்டும். மணலையும் குச்சித் துண்டுகளையும் பட்டுபோன்ற இழையால் ஒட்டி, தனக்கென்று குழாய் போன்ற கூடு கட்டிக்கொண்டு அதற்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டும் காடிஸ் புழுவைப் பார்த்த பிள்ளை, ஈப் பெட்டியைத் திறந்து எது அதைப்போல இருக்கிறது என்று தானே தேடத் தொடங்கும். பார்த்த கல்லைப் பழையபடி வைத்துவிடச் சொல்லுங்கள். மகனிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்து நீரின் வெப்பத்தைக் குறிக்கும் பொறுப்பை ஒப்படையுங்கள். ட்ரவுட் ஆறாக இருந்து நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றைய மீன்பிடிப்பை அத்துடன் நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவதால், போராடிக் களைத்த மீன் விட்ட பின்னும் பிழைக்காமல் போகலாம். அந்த முடிவை மகனே அறிவிக்கட்டும்.

பாதுகாப்பில் நான் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீசுபவரும் அருகில் நிற்பவரும் கண்ணாடியும் விளிம்புள்ள தொப்பியும் அணிய வேண்டும். பறந்து வரும் முள் முதலில் தேடுவது முகத்தை. முள்ளின் பின்நோக்கிய கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால், மீனின் வாயிலிருந்தும் மனிதத் தோலிலிருந்தும் அது எளிதில் கழன்று வரும். பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கரையிலேயே மாட்டப்பட வேண்டும். அவர்களின் முழங்காலுக்கு மேல் நீர் ஏறும் இடத்துக்கு அவர்கள் போகக் கூடாது. விட்டுவிடப்போகும் மீனை ஈரக் கையால் மட்டும் தொட்டு, படம் எடுப்பதானால் பத்து வினாடிக்குள் எடுத்து நீரில் விடுங்கள்.

மதியமும் இரவும் பாட்டுக்குரிய நேரங்கள். பல ஆற்றங்கரைகளில் செல்பேசிச் சிக்னல் கிடைக்காது என்பதால் பாடல்களை முன்பே பதிவிறக்கி வையுங்கள். தினம் ஒருவர் பட்டியல் தயாரிப்பது என்று முறை வைத்தால் சண்டை வராது; பெரியவர்களும் அந்த முறையில் சேர வேண்டும். ஒலியின் அளவுக்கு நான் சொல்லும் எல்லை, அடுத்த கூடாரத்தின் வாசலில் நின்றால் பாட்டு என்னவென்று தெரியக் கூடாது என்பதே. வாத்தியம் கொண்டுபோவதானால் விலையுயர்ந்த மர வாத்தியத்தைத் தவிர்த்துவிடுங்கள். இரவின் ஈரமும் பகலின் வெயிலும் அதன் மரத்தை வளைக்கும். மவுத் ஆர்கன் ஒரு பையில் அடங்கிவிடும்.

ராஃப்டிங் நாளில் பாட்டு நிச்சயமாக உதவும், அதுவும் வாயால் பாடும் பாட்டு. அமைதியான நீரில் எல்லோரும் சேர்ந்து பாடினால் துடுப்புகள் ஒரே நேரத்தில் நீரில் இறங்கும். துடுப்புகள் ஒன்றோடொன்று மோதாது, படகும் நேராகப் போகும். ஆனால் சுழித்தோடும் பகுதி நெருங்கும்போது வழிகாட்டி கொடுக்கும் கட்டளைகள் கடைசி வரிசைக்கும் கேட்டாக வேண்டும். அவர் கையை உயர்த்தினால் பாட்டு நிற்க வேண்டும் என்று ஏறும் முன்பே அவரிடமும் பிள்ளைகளிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை அன்றைக்கும் படகில் ஏற்ற வேண்டாம். முகாமைக் காலி செய்துவிட்டுக் கிளம்புவதால் வேறு வழியில்லை என்றால், அணைத்து, நீர்புகாப் பையில் போட்டு, பையைப் படகின் வளையத்தோடு கட்டிவிடுங்கள்.