பிராட்வேயில் அரங்கு நிறைந்தும் நஷ்டம் ஏன்?

நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில், டிக்கெட் நன்றாக விற்கும் இசை நாடகம்கூட எப்படி நஷ்டத்தில் மூடப்படுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போட்ட முதலீடு வேறு, வாரச் செலவு வேறு. மேடையமைப்பு, உடை, ஒத்திகை எல்லாம் முதலீட்டில் அடங்கும். நாடகம் தொடங்கிய பிறகு சம்பளம், இசைக்குழு, அரங்க வாடகை, விளம்பரம் என்று வாராவாரம் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலீடு 1.5 கோடி டாலர். வாரத்துக்கு 8 காட்சிகள்; வசூல் 8 லட்சம், செலவு 7 லட்சம். மிஞ்சுவது 1 லட்சம்தான். முதலீட்டைத் திரும்ப எடுக்கவே 150 வாரம், அதாவது கிட்டத்தட்ட 3 ஆண்டு! அதுவரை வசூல் சரியாமல் இருப்பது அபூர்வம்.

அப்புறம், வசூல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அரங்கைக் காலி செய்யச் சொல்ல உரிமையாளருக்கு ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் இடம் உண்டு.