போர் அடிக்கமுதல் ரிங்கை வைத்து அளவுங்கள்

கேள்வி: எங்களுடையது சீரிஸ் 3 லாண்ட் றோவர், 2286 சிசி பெற்றோல் எஞ்சின். நீலப்புகை தள்ளுகிறது, ஓயிலும் குடிக்கிறது. ஹெட்டைக் கழற்றிவிட்டேன். லேத்காரர் போர் அடிக்கத்தான் (சிலிண்டரின் உள்பக்கத்தைக் கடைந்து பெரிதாக்கத்தான்) வேண்டும் என்கிறார். பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினால் போதாதா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: அளக்காமல் எதையும் முடிவெடுக்காதீர்கள். சம்பையும் (அடியிலுள்ள ஓயில் தொட்டி) கழற்றி, பிக் என்ட் கெப்களில் (கனெக்டிங் றொட்டின் அடி மூடிகள்) 1 முதல் 4 வரை அடையாளம் குத்திவிட்டுப் பிஸ்டன்களை மேலால் எடுங்கள். சிலிண்டர் வாயில் நகம் தட்டுப்படுகிற விளிம்பைக் கவனித்தீர்களா? ரிங் ஓடாத இடம் அது. அதைச் செதுக்காமல் புது ரிங் போட்டால், மேல் ரிங் அதில் இடித்து உடையும்.

இனிப் பழைய மேல் ரிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்துத் தள்ளுங்கள். ரிங் சாயாமல் நிற்கும். அடியில், தேயாத இடத்தில், ரிங்கின் வாய் இடைவெளியைப் பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். பிறகு அதே ரிங்கை அந்த விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்துப் பாருங்கள். அடியில் 0.60 மி.மீ., மேலே 1.23 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.63. அதை 3.14ஆல் வகுத்தால் 0.20. விட்டத்தில் அவ்வளவு தேய்ந்திருக்கிறது. 0.25ஐத் தாண்டினால் லேத்காரர் சொல்வதே சரி. 0.10க்குள் என்றால் ஹோன் அடித்து (சிலிண்டர் சுவரைக் கல்லால் மெல்லத் தேய்த்து) புது ரிங் போடலாம். இடைப்பட்டதென்றால் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர் முட்டை வடிவாகத் தேய்ந்திருப்பதை ரிங் காட்டாது. ஒரு சிலிண்டர் கெட்டிருந்தாலும் நாலையும் அடிக்க வேண்டும். புதுப் பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்தே போர் அடிப்பியுங்கள்.

பலரும் கோட்டை விடுவது கழுவும்போதுதான். மண்ணெண்ணெய் மட்டும் போதாது. ஹோன் தூள் கீறல்களுக்குள்ளேயே தங்கி, புது ரிங்கை அரைத்துவிடும். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாமல் வரும்வரை தேயுங்கள். துடைத்த கையோடு ஓயில் பூசுங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றில் பச்சை இரும்பு சீக்கிரமே சிவந்துவிடும்.

கேள்வி: இதே எஞ்சினுக்கு டெப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ரொக்கருக்கும் இடையிலுள்ளது) எவ்வளவு? எந்த வால்வை எப்போது பிடிப்பது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: எட்டு வால்வுக்கும் 0.25 மி.மீ. திறந்து நிற்கும் வால்வின் எண்ணையும் பிடிக்கும் வால்வின் எண்ணையும் கூட்டினால் ஒன்பது வரவேண்டும் என்பதுதான் கணக்கு: 1ஆம் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது 8ஐப் பிடியுங்கள், 3 திறந்திருந்தால் 6ஐ. புது ஹெட் கேஸ்கட் போட்டிருந்தால் எஞ்சினைச் சூடாக ஓடவிட்டு, ஆறியபின் ஹெட் போல்ட்டுகளை மறுபடி 65 அடி-இறாத்தலுக்கு இறுக்குங்கள். டெப்பட்டை அதற்குப் பிறகு பிடியுங்கள். ஹெட் இறங்கினால் இடைவெளி குறைந்துவிடும்.