பிள்ளைகளின் தூக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குழந்தைக்கு 40 நாள் ஆகிறது. பகலெல்லாம் தூங்கி, ராத்திரி முழுக்க விழித்திருக்கிறது. கண் திருஷ்டியா? (குடியாத்தம்)

திருஷ்டி இல்லை. இரவு பகல் பிரித்தறியும் உடல் கடிகாரம் ஏறக்குறைய மூன்று மாதத்தில்தான் ஒழுங்குக்கு வரும். அதுவரை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம், துண்டு துண்டாகத் தூங்கும். பகலில் வெளிச்சமான இடத்தில் வையுங்கள். இரவில் விளக்கைக் குறைத்து, பேச்சுக் கொடுக்காமல் பாலூட்டுங்கள். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தூக்கத்துக்கு ஜாதிக்காய் இழைத்துக் கொடுக்கலாமா? (ஆற்காடு)

கூடாது. ஜாதிக்காய், கசகசா, சளி சிரப் எதுவும் கூடாது. அதனால் வருவது மயக்கம், தூக்கம் அல்ல.

என் பிள்ளை சரியாகத் தூங்குவதே இல்லை. என்ன செய்வது? (வாலாஜா)

வயது என்ன? எத்தனை மணிக்குப் படுக்கிறது? மதியம் தூங்குகிறதா? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? வயதை எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். சரி, பொதுவான கணக்கு இது: 1-2 வயதில் 11 முதல் 14 மணி நேரம், 3-5 வயதில் 10 முதல் 13 (இரண்டிலும் பகல் தூக்கம் சேர்த்து), 6-12 வயதில் 9 முதல் 12, அதற்குப் பிறகு 18 வரை 8 முதல் 10.

6 வயது மகன் தூங்கிய ஒரு மணி நேரத்தில் அலறி எழுகிறான். காலையில் அவனுக்கு ஞாபகமே இல்லை. மந்திரிக்கலாமா? (ஆம்பூர்)

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி விழிக்கும்போது இப்படி ஆகும். உலுக்கி எழுப்பாதீர்கள், விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருங்கள். வளர வளரப் போய்விடும். கூடவே தினமும் குறட்டை இருந்தால் டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) பார்க்கச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.

பிளஸ் டூ படிக்கும் மகன் இரவு 12 வரை முழித்திருக்கிறான். காலை 6 மணி ஸ்பெஷல் கிளாசுக்கு எழுப்பவே முடியவில்லை. இத்தனை சோம்பேறியாக இருக்கிறானே? (காட்பாடி)

தயவுசெய்து அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். பருவ வயதில், தூக்கம் வரவைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமே ஒன்று, இரண்டு மணி பின்னால் தள்ளிப் போகிறது. பத்து வயதில் 9 மணிக்குச் சொக்கிய கண், பதினாறில் 11 மணிக்கும் சொக்காது. அவனை 5 மணிக்கு எழுப்பினால் ஐந்து மணி நேரத் தூக்கம்தான் மிஞ்சும். தேவையோ எட்டுக்கு மேல். படித்தது மூளையில் பதிவதே தூக்கத்தில்தான். அதைப் பிடுங்கிவிட்டு ஸ்பெஷல் கிளாஸ் வைத்து என்ன பயன்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-லேயே, வளரிளம் பிள்ளைகளுக்குப் பள்ளி காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது 2022 முதல் சட்டம். நம் பக்கத்திலோ கிராமத்துப் பிள்ளைகள் விடியுமுன் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், முதல் பீரியடில் தூங்கி விழுகிறார்கள், அதற்கும் அடி. பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை மட்டும் கேட்காமல், இந்த 6 மணி வகுப்பு எதற்கு என்று நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: படுக்கும் அறையில் போன் வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். எழுந்ததும் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், மத்தியானம் வரை அல்ல. தூக்க மாத்திரை, சிரப் எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மே மாத வெயிலில் பிள்ளைகள் தூங்குவதில்லை. மொட்டை மாடியில் படுக்க வைக்கலாமா? (வேலூர்)

உடல் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். படுக்குமுன் குளிப்பாட்டுங்கள். கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்து, கொசுவலையும் கட்டினால், பெரியவர்கள் கூடவே இருந்து மாடியில் படுக்கலாம். தூக்கத்தில் எழுந்து நடக்கும் பிள்ளை இருந்தால் மாடி வேண்டவே வேண்டாம்.