ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வயது 25. இந்து, ஆதிதிராவிடர் வகுப்பு. தனியார் வேலை பார்த்துக்கொண்டே டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறேன். நான் விரும்புகிறவர் புதுச்சேரி நெல்லித்தோப்பு, கத்தோலிக்கக் குடும்பம். "ஞானஸ்நானம் எடுத்தால்தான் கோவிலில் (சர்ச்சில்) மந்திரித்துத் திருமணம் செய்துவைப்பார்கள், இல்லையென்றால் கல்யாணமே செல்லாது" என்கிறார் அவருடைய அம்மா. "பேருக்கு எடுத்துக்கொள், அப்புறம் உன் இஷ்டப்படி இரு" என்கிறார் இவர். எங்கள் வீட்டிலோ, "திருவந்திபுரத்தில் தாலி கட்டினால் போதும்" என்கிறார்கள். நான் மாறலாமா?

பதில்: மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். மூன்றுமே தவறு. அதில் ஆபத்து அதிகம் உள்ளது உங்கள் காதலர் சொல்லும் "பேருக்கு" என்ற சொல்.

முதலில் அவர் அம்மா சொல்வதை எடுத்துக்கொள்வோம். ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் மணப்பதைத் திருச்சபைச் சட்டம் ஒரு தடையாக வைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தத் தடைக்கு விலக்கு தரும் அதிகாரம் ஆயருக்கு (பிஷப்புக்கு) உண்டு. புதுச்சேரியும் கடலூரும் ஒரே உயர்மறைமாவட்டம் என்பதால் உங்கள் இருவர் விஷயத்திலும் மனு போய்ச் சேரும் இடம் புதுச்சேரி பேராயர் இல்லம்தான். மனுவை நீங்கள் நேரில் கொண்டுபோக வேண்டியதில்லை. உங்கள் காதலரின் பங்குத்தந்தை (அவர் ஊர்க் கோவில் பாதிரியார்) எழுதி அனுப்புவார். விலக்கு கிடைத்துவிட்டால், நீங்கள் இந்துவாகவே இருந்து கோவிலில் திருமணம் நடக்கும்.

அந்த மனுவோடு ஓர் உறுதிமொழி உண்டு. அதைத் தருபவர் உங்கள் காதலர், நீங்கள் அல்ல. தன் விசுவாசத்தைக் கைவிட மாட்டேன் என்றும், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்றும் அவர் வாக்குக் கொடுக்க வேண்டும். உங்களிடம் கேட்பதெல்லாம், அவர் இப்படி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியுமா என்பதுதான். பலர் இந்தத் தாளை ஒரு சடங்காக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். உட்கார்ந்து பேச வேண்டிய இடமே அதுதான். உங்கள் மதத்தைவிடப் பெரிய கேள்வி, பிள்ளைகளின் மதம். அது ஏற்கெனவே அந்த வரியில் இருக்கிறது.

சபையின் சட்டமே "பேருக்கு" ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. வயது வந்தவர் தானாக விரும்ப வேண்டும், விசுவாசத்தைப் பற்றிப் போதிய அளவு கற்றிருக்க வேண்டும். அதனால்தான் பெரியவர்களுக்கான ஞானோபதேசம் மாதக்கணக்கில் நடந்து, வழக்கமாகப் பாஸ்கா (ஈஸ்டர்) இரவில் ஞானஸ்நானத்தில் முடிகிறது. அடுத்த மாதம் கல்யாணம், இந்த வாரம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள் என்று கேட்டால் நல்ல பங்குத்தந்தை மறுத்துவிடுவார். அவர் அம்மாவிடம் இதை நீங்கள் வாதாட வேண்டாம். மகன் அவரைப் பங்குத்தந்தையிடம் அழைத்துப்போகட்டும். சாமியார் வாயால் கேட்டால் பாதி பிரச்சினை அங்கேயே தீரும். பெரும்பாலான அம்மாக்களுக்கு வேண்டியது கோவிலில் கல்யாணம். மருமகளின் ஞானஸ்நானம் அதற்கான நுழைவுச்சீட்டு என்று நினைத்துத்தான் அதைக் கேட்கிறார்கள்.

அடுத்து திருவந்திபுரம். முகூர்த்த நாளில் தேவநாதசுவாமி சந்நிதியில் வரிசை வரிசையாகத் தாலி ஏறுவதைப் பார்த்து, அங்கே கட்டினால் எல்லாம் செல்லும் என்று நம்புகிறோம். இந்து திருமணச் சட்டம் 1955-ன்படி மணமக்கள் இருவருமே இந்துக்களாக இருக்க வேண்டும். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர் என்ற நிலையில் அந்தச் சட்டத்தின் கீழ் நடந்த திருமணம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவுக்குப் போகும்போது அவருடைய டி.சி.யில் கிறிஸ்தவர் என்று இருக்கும், பதிவு அங்கேயே நிற்கும். சிலர் அவரை ஒரு நாள் இந்துவாக மாற்றிச் சான்று வாங்கி ஒட்டப் பார்ப்பார்கள். அதுவும் அதே "பேருக்கு" வகைதான்.

இனி உங்களுக்கு நேரடியாகப் பணமும் வேலையுமாகத் தாக்கும் விஷயம்: சாதிச் சான்று. ஒருவரை மணப்பதால் உங்கள் பட்டியல் சாதி நிலை போகாது, அது பிறப்பால் வந்தது. ஆனால் நீங்களே கிறிஸ்தவத்துக்கு மாறினால் போய்விடும். 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியில் வருவார்கள். தமிழ்நாட்டில், ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 18 சதவீத ஒதுக்கீட்டிலிருந்து 26.5 சதவீதத்துக்குப் போவது லாபம்போலத் தோன்றும். அந்த 26.5-க்குள் போட்டியிடுகிறவர்கள் யார் யார் என்று பாருங்கள். மத்திய அரசு வேலையில் எஸ்.சி. ஒதுக்கீடு இருக்காது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இருக்காது.

"மாறியதைச் சொல்லாமல் பழைய சான்றையே காட்டிவிட்டால்?" என்ற எண்ணம் வரக்கூடும். புதுச்சேரியிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. எழுத்தர் பணிக்குப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட ஒரு பெண்ணின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தான் இந்து என்று அவர் சொன்னார். ஆனால் ஞானஸ்நானப் பதிவும், அவர் தொடர்ந்து சர்ச்சுக்குப் போய்வந்ததும் விசாரணையில் வெளிவந்தன. சான்று மறுக்கப்பட்டது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் ஒதுக்கீட்டுக்காக மட்டும் ஒரு மதத்தைச் சொல்லிக்கொள்வது அரசமைப்பின் மீதான மோசடி என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறிய வரி அழிவதில்லை. தேதி, பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், கொடுத்த குருவின் கையெழுத்து எல்லாம் பங்கு அலுவலகத்தில் ஒரே வரிசையில் இருக்கும். வேலையில் சேர்ந்து பத்து வருடம் கழித்துச் சான்று சரிபார்ப்பு வந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

திரும்பி வரலாமே என்றால், வரலாம். ஆனால் 2015-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த மூன்று நிபந்தனைகளைத் தாண்ட வேண்டும்: முன்னோர் அந்தச் சாதியினர் என்பதற்கு ஆதாரம், மனப்பூர்வமாகத் தாய்மதம் திரும்பியதற்கு ஆதாரம், அந்தச் சமூகம் உங்களை ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம். போவதற்கு ஒரு காலைப் பொழுது போதும். வருவதற்கு வருடக்கணக்கில் கோர்ட்டும் தாசில்தார் ஆபீஸுமாக அலைய நேரிடலாம். இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அவர் கொடுத்த வாக்குப்படி பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டால், நீங்கள் மாறாமலே இருந்தாலும் உங்கள் சாதிச் சான்று அவர்களுக்குப் போகாது.

சொத்து விஷயம் இவ்வளவு கடுமை இல்லை. மதம் மாறினாலும் அப்பா அம்மா சொத்தில் உங்கள் வாரிசுரிமை போகாது. ஆனால் மாறிய பிறகு உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள், சொத்துக்காரர் காலமாகும் நேரத்தில் இந்துக்களாக இல்லையென்றால் உங்கள் இந்து உறவினர்களின் சொத்தில் வாரிசு கேட்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு நாங்கள் சொல்லும் வழி இது: சிறப்புத் திருமணச் சட்டம், 1954. யாரும் மாற வேண்டாம். இதில் இந்து அல்லாதவரை மணந்தால் நீங்கள் கூட்டுக் குடும்பத்திலிருந்து சட்டப்படி பிரிந்தவராகிறீர்கள், உங்களுடைய சொந்தச் சொத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி போகும். அதாவது உயில் எழுதாமல் காலமானால் கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. வேறு மாதிரி வேண்டுமென்றால் உயில் எழுதிவிடுங்கள்.

நடைமுறை இது. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் அதற்கு முன் தொடர்ந்து 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நீங்கள் கடலூரில் இருப்பதால் இங்குள்ள பதிவு அலுவலகத்திலேயே கொடுக்கலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு, ஏற்கெனவே திருமணம் ஆகவில்லை என்ற உறுதிப் பத்திரத்தையும் பொதுவாகக் கேட்பார்கள். நோட்டீஸ் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். அவருடைய நிரந்தர முகவரி புதுச்சேரி என்பதால் ஒரு பிரதி அங்குள்ள திருமண அலுவலருக்கும் போய் அந்தப் பலகையிலும் ஒட்டப்படும். கடலூரில் கொடுத்தால் புதுச்சேரிக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஒட்டிய நாளிலிருந்து 30 நாள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வயது, ஏற்கெனவே உள்ள துணை, மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை ஆகியவைதான் ஆட்சேபத்துக்குக் காரணமாக முடியும். வேறு மதம் என்பது காரணமே அல்ல. யாராவது ஆட்சேபித்தால் அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்பது, மதமாற்றச் சான்று கேட்பது, வீட்டுக்குத் தகவல் அனுப்புவது எதற்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. கேட்டால், எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். மிரட்டல் இருந்தால் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே எஸ்.பி. அலுவலகத்தில் பாதுகாப்பு மனு கொடுங்கள். விருப்பப்பட்டு மணக்கும் வயது வந்தவர்களுக்குப் பாதுகாப்பளிக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் காவல்துறைக்கு வழிமுறை வகுத்திருக்கிறது. மனு நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். அவசரத்துக்கு 181, 112.

பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் பக்கம் முஸ்லிம் துணையை விரும்புகிறவர்களுக்கும் ஒரு வரி. மாறாமல் நிக்காஹ் மட்டும் செய்துகொண்ட இந்து மனைவிக்கு மகர் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை) உண்டு, கணவர் சொத்தில் வாரிசுரிமை இல்லை, பிள்ளைகள் முறையான வாரிசுகள் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்களுக்குப் பதிவுத் திருமணம் இன்னும் அவசியம்.

அவர் குடும்பத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டா, ரெனோன்சான் வழியா என்றும் கேட்டுவிடுங்கள். 1881-ல் வந்த பிரெஞ்சு ஆணைப்படி, மதத்தை விடாமலே தனிநபர் சட்டத்தை மட்டும் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன இந்த ரெனோன்சான்களின் வாரிசுகள் புதுச்சேரியில் இன்றும் இருக்கிறார்கள். மதம் வேறு, சட்டம் வேறு என்று பிரித்துப் பார்த்த ஊர் அது! ஆம் என்று பதில் வந்தால் அந்தச் சட்டம் தெரிந்த புதுச்சேரி வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு எந்த அட்டையையும் மாற்ற வேண்டியதில்லை. ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் மதத்துக்குக் கட்டமே கிடையாது.

ஆக, மாறலாமா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: கல்யாணத்துக்காக மாறாதீர்கள். அவரோடு நான்கைந்து வருடம் பூசைக்குப் போய்வந்து, உங்களுக்கே மனம் அங்கே போனால், சான்று போகும் என்று தெரிந்தும் வேண்டும் என்று தோன்றினால், அப்போது எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவு எந்த வருடமும் திறந்தே இருக்கும். அதற்கு முன் இருவரும் சில விஷயங்களைப் பேசி முடியுங்கள். பிள்ளைக்கு யார் பெயர் வைப்பது, உங்கள் அப்பாவின் திதிக்கு அவர் வந்து உட்காருவாரா, பொங்கலுக்குச் சூரியனுக்குப் படைக்கலாமா, கல்லறையா சுடுகாடா என்பது வரை. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். மரண வீட்டில் சண்டை வருவது அதை வைத்துத்தான்.

தேதி குறிக்கும்போது கவனம் வேண்டும். விலக்கு கிடைப்பதற்கு முன் பதிவுத் திருமணத்தை முடித்துவிட்டால், சபையின் கண்ணில் அவருக்குத் திருமணம் ஆகவில்லை. சரிசெய்யும் வரை அவர் பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை வாங்க முடியாது, அவர் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய வருத்தம் இல்லை. எனவே முதலில் பங்குத்தந்தை, விலக்கு மனு, திருமணத் தயாரிப்புப் பயிற்சி. கூடவே நோட்டீஸ். பதிவு அலுவலகக் கையெழுத்தும் கோவில் மந்திரிப்பும் அடுத்தடுத்த நாளில் இருந்தால் நல்லது. பதிவுக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் பதிவு முடியாவிட்டால் அது காலாவதியாகி, புதிதாகக் கொடுக்க வேண்டிவரும். அவர்களுக்குத் தவக்காலம் ஆகாது, உங்கள் வீட்டில் ஆடியும் மார்கழியும் ஆகாது. ஆவணியில் கல்யாணம் என்றால் நோட்டீஸை ஆடி முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று யாராவது சொன்னால், இது வெறும் அறிவிப்புதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.